முன்பக்கம் பாதி, பின்பக்கம் மீதி: என் பழைய பீங்கான் ஹார்லெக்வின்

வாங்கிய பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பீங்கானில் செய்த ஹார்லெக்வின் பொம்மை, அதாவது பழைய இத்தாலிய நாடகக் கோமாளி. உயரம் 16 சென்டிமீட்டர். விலை 280 யூரோ. வாங்கியது நான் குடியிருக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், ஒரு பழம்பொருள் கடையில். ரசீதில் கடைக்கார அம்மாள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: "ஹார்லெக்வின், துரிங்கியா, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 18-ஆம் நூற்றாண்டு மைசன் மாதிரியைத் தழுவியது, வலது கைச் சுண்டுவிரல் ஒட்டுப்போட்டது." துரிங்கியா ஜெர்மனியின் ஒரு பகுதி; மைசன் டிரெஸ்டன் பக்கத்து ஊர், அதன் பீங்கான் தொழிற்சாலைக்கும் அதே பெயர். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வயது என்ன, எந்த ஊர், அசலா நகலா, எங்கே உடைந்தது என்று நான்கையும் எழுத்தில் தருகிற வியாபாரி இந்தத் தொழிலில் எளிதில் கிடைக்கமாட்டார்.

நகல் என்று தெரிந்தேதான் வாங்கினேன். இந்த வகைப் பொம்மைகளின் மூல வடிவங்களை மைசன் தொழிற்சாலையில் யோஹான் யோவாக்கிம் கெண்ட்லர் செய்தார். 1730களின் கடைசியிலும் 1740களிலும். அந்தக் காலத்து ஹார்லெக்வின் நல்ல நிலையில் ஏலத்துக்கு வந்தால் பல்லாயிரம் யூரோவுக்குப் போகும். மாதச் சம்பளத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கிடைப்பது, நூறு வயதைக் கடந்த இந்த மாதிரி நகல்தான். அதில் எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை, வாங்கலாமா என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் சனிக்கிழமைச் சந்தையில் இப்படியொரு பொம்மையைப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு படத்தை வைத்து அதற்குப் பதில் சொல்லவே முடியாது. காரணம் போகப் போகப் புரியும்.

ஹார்லெக்வின் யார் என்று தெரியாமல் பார்த்தால், கலர் கலராகச் சட்டை போட்ட ஒரு ஆள், அவ்வளவுதான். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கோமேடியா தெல் ஆர்தே என்ற நகைச்சுவை நாடகம் வளர்ந்தது. ஊர் ஊராகப் போய் ஆடுகிற குழுக்கள். வசனம் எழுதி வைப்பதில்லை. கதையின் போக்கு மட்டும் ஒரு தாளில் இருக்கும், மற்றதெல்லாம் மேடையில் அந்தந்த நேரத்தில் வாயில் வருவது. ஒரு நடிகர் பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒரே வேடம்தான் கட்டுவார். வெனிஸ் நகரத்துக் கஞ்ச வியாபாரி பந்தலோனே: சிவப்பு உடை, மேலே கறுப்பு அங்கி, முன்னால் துருத்தும் தாடி. பொலோன்யாவில் படித்து வந்த தொத்தோரே: எதைக் கேட்டாலும் அரைகுறை லத்தீனில் மணிக்கணக்காகப் பேசுவார். வாயால் மட்டுமே போர் செய்கிற கப்பித்தானோ. எல்லாரையும்விட விவரமான வேலைக்காரி கொலம்பினா. பெர்காமோ பக்கத்தில் இருந்து பிழைக்க வந்த வேலைக்காரன் ஆர்லெக்கினோ. அவனைத்தான் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஹார்லெக்வின் என்பார்கள். எந்நேரமும் பசி. கறுப்பு அரைமுகமூடி, பல நிற ஒட்டுத்துணி உடை, இடுப்பில் ஒரு மரப்பட்டை. அந்தப் பட்டை இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டியது. அடித்தால் வலி இருக்காது, சத்தம் மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

அம்மா ஊரில் இருந்து வந்திருந்தபோது இந்தப் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் பிறந்தது செய்யாறு பக்கம். சின்ன வயதில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். "இவன் ராஜா இல்லைடி, ராஜா வர்றதுக்கு முன்னாடி வர்றவன். கட்டியங்காரன் நிக்கிற மாதிரியே நிக்கிறான் பாரு" என்றார். ஹார்லெக்வின் என்ற பெயரையே அவர் அதற்கு முன் கேட்டதில்லை. நிற்கிற நிலையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். நாடகப் பொம்மைக்கு இதைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தோன்றவில்லை. நகலாக இருந்தும் அதில் தேறியது.

மேடையில் இருந்தவர்கள் பீங்கானாக மாறியதற்குக் காரணம் சாப்பாட்டு மேசை. அரண்மனை விருந்துகளில் கடைசியாக வரும் இனிப்புச் சுற்றுக்கு மேசையைச் சர்க்கரைப் பாகிலும் மெழுகிலும் செய்த பொம்மைகளால் அலங்கரிப்பார்கள். அந்த வேலை மிட்டாய்க் கூடத்துக்காரர்களுடையது. ஐரோப்பாவின் முதல் கெட்டிப் பீங்கான் தொழிற்சாலையை, டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான இரண்டாம் அகஸ்டஸ் 1710-இல் மைசன் ஊரில் தொடங்கினார். கெண்ட்லர் 1731-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1733-இல் தலைமைச் சிற்பியானார். அதே 1733 முதல் தொழிற்சாலை, அமைச்சர் பிரூல் பிரபுவின் மேற்பார்வைக்கு வந்தது. பிரூல் சாதாரண வாடிக்கையாளர் அல்ல: அவருக்காக 1737-இல் தொடங்கிய அன்னப்பறவை விருந்துப் பாத்திரத் தொகுதியில் மட்டும் 2,000 உருப்படிகளுக்கு மேல். கரைந்துபோகிற சர்க்கரைப் பொம்மைகளின் இடத்துக்குக் கரையாத பீங்கான் பொம்மைகள் வந்தன. அவற்றையும் மிட்டாய்க் கூடத்திலேயே வைத்துப் பாதுகாத்தார்கள். விருந்தன்று கண்ணாடித் தட்டுகளைக் குளமாக்கி, குட்டி மண்டபமும் வேலியும் வைத்து, நடுவே ஹார்லெக்வினும் கொலம்பினாவும் உலாவுகிற மாதிரி மேசையின் நீளத்துக்கும் அடுக்குவார்கள். இரண்டு பக்கமும் விருந்தினர்கள். ஆகவே எந்தப் பொம்மைக்கும் ஒளித்து வைக்கும் பக்கம் என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து அதன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பழைய நாடகப் பொம்மைகளை மதிப்பிட என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: பின்னால் இருந்து பார்த்தால் நடிப்பு தொடர்கிறதா?

இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று சொல்கிறேன். பாரிஸில் ஆடிக்கொண்டிருந்த இத்தாலிய நாடகக்காரர்களை 14-ஆம் லூயி மன்னர் 1697-இல் துரத்திவிட்டார். அவர் இறந்த பிறகு, 1716-இல், லூயிஜி ரிக்கோபோனி தலைமையில் புதிய குழு ஒன்றைப் பாரிஸுக்கு அழைத்தார்கள். அந்த ரிக்கோபோனி 1728-இல் இத்தாலிய நாடகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். வேடங்களின் படங்களை அதில் செதுக்கியவர் பிரான்சுவா ஜூலேன். சாக்சனி-வைசென்ஃபெல்ஸ் பிரபுவுக்காக 1744 வாக்கில் கெண்ட்லரும் அவருடைய சக சிற்பி பீட்டர் ரைனிக்கேவும் நாடகப் பொம்மை வரிசை ஒன்றைச் செய்தபோது, அந்தச் செதுக்குப் படங்கள் முன்மாதிரியாக இருந்தன. ஆனால் படத்தில் இருப்பது ஒரே ஒரு பக்கம். பந்தலோனேயின் அங்கி முன்னால் எப்படித் தொங்குகிறது என்று படம் காட்டும். இடுப்பில் கையை வைத்தபடி அவர் ஒரு எட்டு எடுத்து வைக்கும்போது அந்த அங்கி பின்னால் எப்படி இழுபடும் என்று காட்டாது. அதைச் சிற்பிதான் உடம்பின் கணக்கில் இருந்து கண்டுபிடிக்க வேண்டும். கெண்ட்லருக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. டிரெஸ்டன் அரசவையிலும் இத்தாலிய நாடகக்காரர்கள் ஆடினார்கள். அரசவை விகடகவி ஜோசப் ஃப்ரோலிஷையே அவர் பீங்கானில் செய்திருக்கிறார்: அகலத் தொப்பி, கால்சட்டைப் பட்டையில் பெயரின் முதலெழுத்துகள்.

இனி என்னுடைய ஆளுக்கு வருகிறேன்.

குனிந்து வணக்கம் சொல்கிற நிலை. வலது கால் முன்னால் நீட்டி, குதிகால் மட்டும் தரையில், விரல்கள் மேலே. இடது முழங்கால் மடங்கியிருக்கிறது. வலது கையில் தொப்பியைக் கழற்றிக் கீழே கொண்டுவருகிறான். இடது கையில் மரப்பட்டையை இடுப்புக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருக்கிறான். வணங்குகிற ஆள் அடுத்த நொடி அடிக்கப் போகிறான் என்பதுதான் காட்சி. உடம்பு குனிந்தாலும் தலை மட்டும் பக்கவாட்டில் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறது. கறுப்பு முகமூடிக்குக் கீழே வாய் பாதி திறந்து, கீழ் உதட்டில் ஒரு சிவப்புக் கோடு. கன்னத்தில் வண்ணம் கிடையாது, பீங்கானின் வெள்ளையையே தோலாக விட்டிருக்கிறார்கள். முன்னால் இருந்து பார்த்தால் மிக நல்ல வேலை. இவ்வளவு சின்னக் கழுத்தில் அந்தத் திருப்பத்தைக் கொண்டுவந்தவர் கைதேர்ந்தவர்தான்.

உடை இரண்டு பாதி. வலது பாதியில் சிவப்பு, மஞ்சள், பச்சை சாய்சதுரங்கள். இடது பாதியில் சீட்டுக்கட்டு: தொடையில் ஒரு ஹார்ட்டின் ஐந்து, இடுப்புக்குக் கீழே ஒரு ஸ்பேடு. சீட்டு வரைந்த உடை மைசன் ஹார்லெக்வின்களிலேயே உண்டு, அங்கிருந்து வந்ததுதான் இது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஹார்ட்டும் தூரிகையை இரண்டு தரம் அழுத்தி எடுத்தது என்று தெரியும். வலது அழுத்தம் எப்போதும் கொஞ்சம் தடிப்பு. முழங்கை மடிப்பில் சாய்சதுரங்கள் நசுங்கி ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. துணி மடிந்தால் அச்சும் மடியும் என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் பார்த்துத்தான் கடையில் என் மனசு விழுந்தது.

பொம்மையைத் திருப்புங்கள். முதுகில் சாய்சதுரங்கள் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டன. குனிந்த முதுகில் துணி இழுபட்டு நிற்க வேண்டும். இங்கே சட்டை சமதளமாக இருக்கிறது, அதன் மேல் அளவுகோல் வைத்த மாதிரி நேர்க்கோடுகள். மரப்பட்டை ஒரு தட்டைத் துண்டு, அவ்வளவே. இரண்டு பலகை என்பதற்கான கோடுகூட இல்லை. அதைப் பிடித்திருக்கும் இடது கையில் விரல்கள் தனித்தனியாக இல்லை, கத்தியால் நான்கு கீறல். அக்குளுக்குக் கீழே வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடு தேய்க்கப்படாமல் அப்படியே ஓடுகிறது. முன்பக்கத்துக்கு 5-க்கு 4 தருவேன், பின்பக்கத்துக்கு ஒன்றரை.

இதற்குக் காரணமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பொம்மைகளை வாங்கியவர்கள் நடுத்தர வர்க்கத்து வீட்டுக்காரர்கள். அவர்கள் வைத்தது கணப்பு அடுப்பின் மேல்தட்டில், சுவரை ஒட்டி. அல்லது கண்ணாடி அலமாரியில். சுவரைப் பார்க்கும் முதுகுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. துரிங்கியாவில் இருந்த பல தொழிற்சாலைகளுக்கும் இதுதான் சந்தை. மைசனைத் தழுவிய வடிவம், மைசன் விலையில் ஒரு சின்னப் பங்கு.

கால் பக்கம் ஒரு மரக்கட்டை இருப்பதைக் கவனியுங்கள். அநேகமாக எல்லா ஹார்லெக்வினுக்கும் பக்கத்தில் ஒரு அடிமரமோ பாறையோ இருக்கும். கெட்டிப் பீங்கான் 1400 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேகும்போது இளகும். மொத்த உருவமும் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். மெலிந்த கணுக்கால் இரண்டும் அந்த நேரத்தில் உடம்பைத் தாங்காது. முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். கெண்ட்லரின் திறமை அந்தத் தாங்கலையும் காட்சிக்குள் இழுத்ததில் இருக்கிறது; அவருடைய ஆட்கள் அதில் சாய்வார்கள், உட்காருவார்கள், அதில் இருந்து துள்ளி எழுவார்கள். என் பொம்மையில் மரக்கட்டை இடது கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவனுக்கும் அதற்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை.

அலமாரியில் வைத்து மதிப்பெண் போட்டால் அது அரைகுறை விமர்சனம். நண்பர்கள் சாப்பிட வந்த ஒரு சனிக்கிழமை இரவு மேசை நடுவில் கண்ணாடித் தட்டு வைத்து, அதன் மேல் பொம்மையை நிறுத்தி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மின்விளக்கை அணைத்ததும் ஆள் மாறிவிட்டான். மெழுகுவர்த்திச் சுடர் அசைய அசைய பீங்கானின் கண்ணாடி போன்ற மேல்பூச்சான மெருகின் மேல் வெளிச்சம் நகர்ந்தது. கறுப்பு முகமூடிக்குள் பகலில் கண்ணுக்கே தெரியாத இரண்டு கண்களும் பளிச்சிட்டன. கண்ணாடித் தட்டில் தொப்பியின் உட்பக்கம் தெரிந்தது. அதற்குள்ளும் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் இவனுடைய முகத்தையும் மரப்பட்டையின் நுனியையும் ஒன்றாகப் பார்த்து, "ஏதோ திருட்டுத்தனம் பண்றான்" என்று உடனே சொன்னார். எதிரே இருந்தவருக்கு முதுகு மட்டும்தான். "பின்னாடி கையில என்ன, விசிறியா?" என்று கேட்டார். அசலில் இந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க மூன்று இடங்களைச் சொல்வேன். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் பீங்கான், மண்பாண்டக் கூடங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது, கூட்டமும் அங்கே ஏறி வருவதில்லை. அடுத்தது மியூனிக், பவேரிய தேசிய அருங்காட்சியகம். அங்கே பார்க்க வேண்டியவர் ஃபிரான்ஸ் அன்டன் புஸ்டெல்லி. 1754 முதல் 1763-இல் இறக்கும் வரை நிம்ஃபென்பூர்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1760 வாக்கில் அவர் செய்த 16 நாடகப் பொம்மைகள் எட்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறார்கள். கெண்ட்லரின் ஆட்கள் கனமானவர்கள், தரையில் காலை ஊன்றி நிற்பவர்கள். புஸ்டெல்லியின் ஆட்கள் மெலிந்து, பாதத்தில் இருந்து விரல்நுனி வரை ஒரே திருகலாக எழுபவர்கள். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் கண் அங்கேயே நிற்காது, சுற்றிக்கொண்டே போகும். எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் கெண்ட்லர்தான். அவருடைய ஹார்லெக்வினுக்குப் பசி இருக்கிறது. ஆனால் சிற்பமாக எடுத்தால் புஸ்டெல்லிக்குப் பக்கத்தில் யாரையும் வைக்கமாட்டேன்.

மூன்றாவது, எங்கள் டிரெஸ்டனிலேயே ஸ்விங்கர் மாளிகையின் பீங்கான் தொகுப்பு. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போகலாம். அங்கே கெண்ட்லரின் பெரிய வெள்ளை மிருகங்களைப் பாருங்கள். குட்டிக்குப் பால் கொடுத்தபடி தலையைத் திருப்பிப் பார்க்கிற ஆட்டின் கழுத்தில் ஒரு நிமிஷம் கண்ணை வைத்தால், 16 சென்டிமீட்டர் கோமாளிக்கு அந்தத் திருப்பம் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

நேரம் இருந்தால் மைசன் ஊருக்கும் போய் வாருங்கள். டிரெஸ்டனில் இருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தொழிற்சாலையின் காட்சிப் பட்டறையில், அச்சில் எடுத்த கை, கால், தலைகளைக் களிமண் கூழ் தடவி ஒட்டி ஒரு உருவமாக்குவதைக் கண்முன்னே செய்து காட்டுகிறார்கள். ஒட்டின இடத்தில் மரக்குச்சியால் ஒரு அழுத்து, ஈரத் தூரிகையால் ஒரு தடவல். இணைப்பு காணாமல் போகிறது. என் பொம்மையின் அக்குளில் கோடு தெரிவது அந்த ஒரு தடவல் விட்டுப்போனதால்தான். களிமண் பக்கத்திலேயே சைலிட்ஸ் கிராமத்துச் சுரங்கத்தில் இருந்து இன்றைக்கும் வருகிறது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. இதில் எனக்கு மனக்கசப்பான அனுபவமும் உண்டு. சந்தையில் ஒரு வியாபாரி ஒரு கொலம்பினாவைக் காட்டி, அடியில் நீல நிறத்தில் குறுக்குவாள் முத்திரை இருக்கிறது, 1740-க்குப் பிந்தியது அல்ல என்று அடித்துப் பேசினார். முத்திரை இருந்தது உண்மை. பாவாடையின் பச்சை வண்ணத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டேன். 18-ஆம் நூற்றாண்டின் பச்சை செம்பில் இருந்து எடுத்தது. கொஞ்சம் நீலம் தட்டும், மெருகுக்குள் ஒளி போய் வரும். குரோமியப் பச்சை பீங்கானுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். அது கெட்டியாக, ஒளி புகாமல் இருக்கும். என் ஹார்லெக்வினிலும் அதே பச்சைதான், ஆனால் என் ரசீதில் அதற்கேற்ற வயதும் இருக்கிறது. அந்த வியாபாரியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் வேறு கடை பாருங்கள்" என்று பொம்மையைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்துக்கொண்டார். நம்பிக் கேட்கிறவரிடம் நூறு வருஷத்தைக் கூட்டிச் சொல்வது பச்சை மோசடி. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

குறுக்குவாள் முத்திரை மைசனுக்கு 1720களில் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் அதைப் போட்டுப் பார்க்காத காலமே இல்லை. பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழைய பீங்கான்களின் பிரதிகளுக்கே பெயர்பெற்றது. அவையும் இன்று பழம்பொருளாக விலை போகின்றன. ஆகவே முத்திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அசல் மைசனிலேயே வாள்களுக்குக் குறுக்கே சாணை பிடித்த கீறல் இருந்தால், தரத்தில் இரண்டாவது என்றோ வண்ணம் பூசாமல் வெளியே போனது என்றோ பொருள். விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். நிறங்களைப் பாருங்கள்: 1740களின் மைசன் என்றால் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று அடர்த்தியாக, கலக்காமல், அகலமாக. இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் தங்க வளைவுப் பீடமும் அதற்குப் பிந்தைய ரசனை. ஹார்லெக்வின் நிற்பது சின்ன மண்மேடு, மேலே ஒட்டின இரண்டு பூ, நான்கு இலை என்றால் வடிவமாவது பழைய மரபில் வந்தது.

கையோடு ஒரு சின்னப் புறஊதா டார்ச் கொண்டுபோங்கள். விலை அதிகமில்லை, இணையத்தில் கிடைக்கும். இருட்டு மூலையில் பொம்மையின் மேல் அடித்தால் பின்னால் பூசின பெயின்ட் மெருகில் இருந்து வேறுபட்டு ஒளிரும். முதலில் பார்க்க வேண்டியவை விரல்கள், தொப்பி விளிம்பு, மரப்பட்டை, கழுத்து. இந்த நான்கும் உடையாத பழைய ஹார்லெக்வின் அபூர்வம். உடைந்து ஒட்டினது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம். என் பொம்மையின் சுண்டுவிரல் ஒட்டு அருமையான வேலை. விரலால் தடவினால் மட்டும் அந்த இடம் மற்ற பீங்கானைவிடக் குளிர்ச்சி குறைவாக இருக்கும். தூக்கியும் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு மைசனில் களிமண்ணை அச்சில் கையால் அழுத்தி எடுத்தார்கள். கூழாக ஊற்றி வார்த்த பிற்காலத்து நகல் அதே அளவில் எடை குறைவாக இருக்கும்.

சல்லடைத் துணி மாதிரி பாவாடை வைத்த நடனப் பெண் பொம்மைகள் சந்தையில் நிறைய வரும். நிஜ லேஸ் துணியைப் பீங்கான் கூழில் தோய்த்துச் சுடுவார்கள். துணி எரிந்துபோய் பீங்கான் வலை மட்டும் நிற்கும். வேலை நுணுக்கம்தான். ஆனால் நாடகம் அதில் இல்லை, தூசி தட்டினால் உதிரும். நான் வாங்கமாட்டேன்.

புதிதாகவே வாங்கலாமா என்று கேட்டால், கையில் பணம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மைசன் இன்றும் கெண்ட்லரின் உருவங்களைச் செய்கிறது. நிம்ஃபென்பூர்க் இன்றும் புஸ்டெல்லியின் உருவங்களைச் செய்கிறது. ஆயிரக்கணக்கான யூரோ ஆகும். என் அபிப்பிராயத்தில், சந்தேகத்துக்குரிய ஒரு பழைய மைசனுக்கு அந்தப் பணத்தைக் கொட்டுவதைவிட, வண்ணம் பூசாத வெள்ளை புஸ்டெல்லி ஒன்றைப் புதிதாக வாங்குவது மேல். வெள்ளையாக இருக்கும்போது உடம்பின் திருகல் ஒன்றும் மறையாமல் தெரியும், முதுகும் முகத்துக்குச் சமமாக நிற்கும். சில நூறு யூரோதான் முடியும் என்றால் என்னுடையது மாதிரி ஒளிவுமறைவு இல்லாத 19-ஆம் நூற்றாண்டு நகல் ஒன்று போதும். 280 கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. 400 கேட்டிருந்தால் அந்த முதுகுக்காகவே வேண்டாம் என்றிருப்பேன். அடுத்த முறை யாராவது படம் அனுப்பிக் கேட்டால், முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், முதுகையும் இரண்டு பக்கவாட்டையும் அடிப்பாகத்தையும் எடுத்து அனுப்புங்கள்.

வாங்கினபின் பிடிப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். கையையோ தலையையோ பிடித்துத் தூக்கக் கூடாது; ஒரு கை பீடத்துக்கு அடியில், மறு கை இடுப்பில். தூசியை மிருதுவான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். ஒட்டுப்போட்டதைத் தண்ணீரில் முக்கினால் பசை இளகலாம். ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பெட்டியில் போட்டு அனுப்பாமல் விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெல்லிய பட்டுத்தாளைச் சுருட்டிக் கைக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கும் சந்துகளைத் தளர்வாக நிரப்ப வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. அதன் மேல் குமிழ்த்தாள், அதற்கு மேல் கெட்டி அட்டைப்பெட்டி. ரசீதைப் பொம்மையோடு சேர்த்து வைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் வயதையும் விலையையும் கேட்டால் அதைத்தான் நீட்ட வேண்டும்.